நனைந்த இரண்டு கல்யாணப் படங்கள்

நான் வாட்சை வலது கையில்தான் கட்டுவேன். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள், இடது கைப் பழக்கமா அக்கா என்று. இல்லை. எழுதுவது, சாப்பிடுவது, கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவது எல்லாம் வலது கைதான். வாட்சும் அதே கைக்குப் போனதற்குக் காரணம் முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தொங்கிய கல்யாணப் படம்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் முடிந்த மறுநாள் டவுன் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. ஒரு ஓரத்தில் அப்பா, நடுவில் அம்மா, மறு ஓரத்தில் பாவாடை சட்டையில் சித்தி. சித்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்துக் கூடவே போனவள். சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று ஸ்டுடியோக்காரர் அவள் கையில் ஒரு பூத்தட்டைக் கொடுத்திருக்கிறார். அப்பா கல்யாணத்துக்கென்று இரவல் வாங்கிய வாட்சைக் கட்டியிருப்பார். வலது கையில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை நேரத்தில் கையில் எதுவும் மாட்டக் கூடாது என்பதால் நான் பார்க்க அவர் வாட்ச் கட்டியதே இல்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு முதல் வாட்ச் வாங்கித் தந்தபோது படத்துக்குக் கீழே நின்று பார்த்துப் பார்த்து அவரைப் போலவே கட்டிக்கொண்டேன். பிறகு கை பழகிவிட்டது.

அம்மா இளம்பெண்ணாக இருந்ததற்கு அந்தப் படத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அடுத்த படம் நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எடுத்தது. அதில் அம்மா ஏற்கெனவே அம்மாவாகிவிட்டாள்.

மார்கழி வெள்ளத்தில் எங்கள் தெருவில் நெஞ்சு வரைக்கும் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் எதிர்வீட்டு மாடியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது படம் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டத்துக்குள் ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னார். பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றினார். அட்டையை எடுத்தார். படத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், "மெதுவாப்பா" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. ஓரங்கள் நன்றாகவே கழன்று வந்தன. நடுவில் அம்மாவின் முகமும் கழுத்தும் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. அப்பா கண்ணாடியை வெயிலில் வைத்தார். சாயங்காலத்துக்குள் அது காய்ந்து பொரிந்து உதிர்ந்துபோனது.

அம்மா வந்து பார்த்தாள். "சரி, விடுங்க. வீட்டக் கழுவுவோம்" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். குழம்பில் உப்பு கூடிவிட்டால் உப்பு விற்றவனைத் திட்டுகிறவள் அவள். அப்பா செருப்பை இடம் மாற்றி விட்டாலே பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இதற்கு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. முகமில்லாத படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். திட்டாததால் அப்பா ஒடுங்கிப்போனார். சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்தினார். முன்னறையில் உட்காருவதை நிறுத்தினார். வெறும் ஆணி மட்டும் சுவரில் இருந்தது. உப்புக்காற்றில் அதுவும் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ திட்டவே மாட்டேங்காளே. ஒங்கிட்டயாவது எதும் சொன்னாளா?" என்று கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் படத்துக்கு இன்னொரு பிரதி உண்டு. அது சித்தி வீட்டில், ஆதிச்சநல்லூர் பக்கம் இருந்தது. ஆனால் அம்மாவும் சித்தியும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா முறையில் முதலில் வரவேண்டிய எங்கள் அப்பாவின் பெயரை, சித்தப்பாவின் தம்பி பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அப்பா அதைக் கவனிக்கக்கூட இல்லை. கவனித்தது அம்மா. கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதி, சாப்பிடாமல் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஒருவர் வாசல்படியை மற்றவர் மிதிக்கவில்லை. வெள்ளத்தின்போது தாமிரபரணி கரை தாண்டி அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது என்று கேள்விப்பட்டும் அம்மா போன் போடவில்லை. தெரிந்தவர்கள் மூலமாக விசாரித்துக்கொண்டாள், அது வேறு விஷயம். "ஒரு போன் போட்டா என்னம்மா?" என்று நான் கேட்டதற்கு, "பேரு வரிசை தெரியாதவகிட்ட என்னத்தப் பேச?" என்றாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மேனேஜர் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆள் கேட்டார். நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குக்குச் சுங்கப் பத்திரங்கள் தயார் செய்யும் அலுவலகம். பதினெட்டு வருடமாக நான் செய்வது ஒரே வேலைதான். கன்டெய்னர் எண், பில் எண், சீல் எண் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பொருந்தினால் டிக். உள்ளே இருப்பது முந்திரியா, மரக்கட்டையா என்பது என் தலைவலி இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் மயமாகிறது, யாராவது ஒருவர் கோடிங் அடிப்படையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மேனேஜர். சின்னப் பையன்கள் எல்லாம் சனி ஞாயிறு போய்விடுமே என்று நழுவினார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மா அப்பாவோடு இருப்பவள். அந்த வீட்டு மௌனத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மத்தியானம் தப்பினால் போதும் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

டவுனில் ஒரு கல்லூரியில் வகுப்பு. முப்பது பேரில் இருபத்தெட்டு பேர் கல்லூரிப் பிள்ளைகள். எங்களுக்குப் பாடம் நடத்தியது ஒரு நாசரேத்துப் பெண். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தாய் தகப்பன் இரண்டு பேரும் வாத்தியார்களாம். குரலிலேயே அது தெரிந்தது, கடைசி பெஞ்சு வரை கேட்கும். அவள் என்னை "அக்கா" என்பாள், நான் அவளை "மிஸ்" என்பேன். முதல் நாள் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வாரம் அவள் என் நிரலில் பதினேழு தப்பைக் கண்டுபிடித்த பிறகு கூச்சமெல்லாம் போய்விட்டது.

ஐந்தாவது வாரம் படங்களைப் பற்றிச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குப் படம் என்பது எண்கள்தான். கறுப்பு வெள்ளைப் படமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். கன்னங்கரேல் என்றால் பூஜ்யம், வெள்ளைவெளேர் என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து. எண் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பேட்டைக்குள் அல்லவா வருகிறாள். இரண்டு படங்களைக் கலப்பதென்றால், ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்து, இதில் பாதி அதில் பாதி என்று கூட்ட வேண்டும். பாதிக்குப் பாதிதான் என்றில்லை. இதற்கு முக்கால் எடை கொடுத்தால் அதற்குக் கால் எடை. இரண்டும் சேர்ந்து ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

நான் முதலில் பாதியாக்க மறந்து இரண்டையும் அப்படியே கூட்டிவிட்டேன். எண் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிட்டது. பளிச்சென்று இருக்க வேண்டிய வானத்தில் கறுப்புத் திட்டுகள். என் பக்கத்துப் பையன் தன் முகத்தை ஒரு சினிமா நடிகரோடு கலந்து, நடிகரின் எடையைக் கூட்டிக்கொண்டே போனான். தொண்ணூறு சதவீதம் வந்ததும்தான் அவனுக்குத் திருப்தி.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்பிக்நகர் தாண்டும்போது வந்தது என்று இடம்கூட நினைவிருக்கிறது. அடுத்த நாள் வகுப்பு தொடங்குமுன் போய் நின்றேன்.

"மிஸ், ஒரே போட்டோவுக்கு ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணுல அழிஞ்ச எடம் இன்னொண்ணுல நல்லா இருந்தா, ரெண்டையும் கலந்து முழுசா ஆக்கலாமா?"

"ஒரே போட்டோன்னா ஈஸிக்கா. அழிஞ்ச எடத்துக்கு எடை பூஜ்யம், நல்ல எடத்துக்கு ஒண்ணு. ரெண்டு படமும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காரணும், அது ஒண்ணுதான் பாடு. ஒரே போட்டோதான?"

"ஒரே போட்டோதான்" என்றேன். பதினெட்டு வருடம் பத்திரம் சரிபார்த்தவள் சொல்கிறேன், எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

வீட்டில் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சித்தி என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஒங்கம்மா அனுப்புனாளா?"

"இல்ல சித்தி. நானாத்தான் வந்தேன்."

"அப்படியா? சரி, உள்ள வா" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

இட்லி வைத்தாள். சாப்பிடும்போதே விஷயத்தைச் சொன்னேன். அப்பா படத்தைப் பிய்த்ததையும் அம்மா ஒரு வார்த்தை திட்டாததையும் கேட்டுச் சித்தி, "திட்டலியா?" என்று இரண்டு முறை கேட்டாள். அவள் முகத்தில் கவலை வந்ததை நான் பார்த்தேன். எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, வெள்ளத்தில் ஊறி உப்பிப்போன ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தாள். அவர்கள் படத்தில் ஈரம் ஓரங்களிலிருந்து உள்ளே ஏறியிருந்தது. இரண்டு பக்கத்து ஆட்களின் முகங்களும் கரைந்து போயிருந்தன. கழுத்துக்குக் கீழே மங்கலாக ஏதோ தெரிந்தது. நடுவில் அம்மா மட்டும், மூக்குத்தி உட்பட, அப்படியே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற எதையும் நான் பார்க்கவே இல்லை.

"படத்த வெளிய விடமாட்டேன், கேட்டியா. இங்கனயே போன்ல எடுத்துக்கோ" என்றாள் சித்தி. ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று நான் சொன்னதும் அவளே படத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்து, தன் நிழல் விழாமல் தள்ளி நின்று, காற்றில் பறக்காதபடி நான்கு மூலையிலும் புளியங்கொட்டை டப்பா, கரண்டி என்று கைக்குக் கிடைத்ததை வைத்துக் கொடுத்தாள். பேச்சு ஒன்று, கை ஒன்று. அம்மாவுக்கு அவள் தங்கச்சி என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுப் படத்தை பீரோவிலிருந்து எடுத்து முன்பே போனில் பிடித்திருந்தேன். இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரம் வெட்டி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். நீளம் பொருந்தியது, அகலம் பொருந்தியது. கம்ப்யூட்டரில் ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்தேன். டிக். இரண்டு படத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அலுவலகத்தில் கன்டெய்னரைத் திறந்தா பார்க்கிறோம்? முதலில் சோதனைக்கு, பாதிக்குப் பாதி கலந்து ஓட்டினேன்.

திரையில் எங்கள் அப்பா பாவாடை கட்டிக்கொண்டு நின்றார். மீசை இருந்தது. கையில் பூத்தட்டு இருந்தது. மறு ஓரத்தில் சித்தி ரெட்டைச் சடையோடு வேட்டி கட்டியிருந்தாள். நடுவில் அம்மாவுக்கு இரண்டு தோளிலும் முந்தானை.

நடிகரோடு கலந்த பையன்தான் முதலில் பார்த்தான். அப்புறம் வகுப்பே பார்த்தது. சிரித்தார்கள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரையை அணைத்துவிட்டு, "சவத்தப் படிச்சுக் கிழிச்சது போதும்" என்று பையை எடுத்தேன். மிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள், மறைக்கவில்லை. திரையைத் திரும்பப் போட்டாள். இரண்டு படங்களையும் தனித்தனியாகத் திறந்து அருகருகே வைத்தாள்.

"அக்கா, ஒங்க கோடிங்ல தப்பே இல்ல. பாருங்க, இதுல வாட்சு எந்தக் கையில இருக்கு? அதுல எந்தக் கையில?"

சித்தி வீட்டுப் படத்தில், கறைக்குக் கீழே மங்கலாகத் தெரிந்த அந்த மணிக்கட்டில், வாட்ச் இடது கையில் இருந்தது. சட்டைப் பை இடது பக்கம் இருந்தது. அம்மாவின் முந்தானை எல்லோரையும் போல இடது தோளில் கிடந்தது. எங்கள் வீட்டுப் படத்தில் எல்லாமே நேர்மாறு. நாற்பது வருடம் அதைப் பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் நானும் சேலை கட்டுகிறேன், ஒருநாள்கூட உறைக்கவில்லை. மேஜைமேல் இருந்த என் வலது கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டேன்.

"ஒண்ணு திருப்பிப் போட்ட பிரிண்டுக்கா. ஒரே வரில சரிபண்ணிரலாம்" என்று சொல்லி, வலமிடமாகத் திருப்புவது எப்படி என்று காட்டினாள். பிறகு கேட்டாள்: "ஆனா எதத் திருப்ப? எது நெசம்?"

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அவர் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

ஸ்டுடியோக்காரர் அவசரத்தில் அம்மாவை அப்பாவுக்கு வலப்பக்கம் நிறுத்திவிட்டார். படம் கைக்கு வந்ததும் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறார். பொண்டாட்டி என்றால் புருஷனுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், இந்தப் படத்தை வீட்டில் மாட்டினால் விளங்குமா என்று. திரும்ப எடுக்கலாம் என்றால் அப்பா அன்றைக்கு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இரவல் வாட்சையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அப்பா நேரே ஸ்டுடியோவுக்குப் போய்க் கையைப் பிசைந்திருக்கிறார். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு இன்னொரு பிரதி அடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா இடப்பக்கம் வந்துவிட்டாள். தாத்தாவுக்குத் திருப்தி. முதல் பிரதியை அம்மா வீட்டாருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியாது, பாத்துக்கோ. சொல்லிராத. பிச்சதும் நானு, ஏமாத்துனதும் நானுன்னு ஆயிரும்" என்றார் அப்பா.

"யாரு சொன்னா எனக்குத் தெரியாதுன்னு?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அம்மா ஈரக்கையோடு வாசலில் நின்றாள். "முந்தான வலது தோள்ல கெடக்கதப் பாத்தா எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? மாமா மனசு கோணக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். படத்துல எங்கன நின்னா என்ன, வீட்டுக்குள்ள நின்னது நான்தான?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆமா, இப்ப என்னத்துக்கு இந்தப் பேச்சு? இன்னொண்ண நீ எங்கன பாத்த?"

பொய் சொல்ல முடியவில்லை. சித்தி வீட்டுக்குப் போனதையும் வகுப்பில் செய்துகொண்டிருப்பதையும் சொன்னேன். வெடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "என் மூஞ்சி இருக்கா அதுல?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. மூக்குத்தியோட இருக்கு."

"அவ எப்படி இருக்கா?"

நல்லாத்தான் இருக்கா என்றேன். எந்தப் பக்கம் வைக்கட்டும், தாத்தா சொன்ன பக்கமா, எடுத்த பக்கமா என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "மாமா போயி இருவது வருசம் ஆச்சு. இனி யாருக்காக நான் மாறி நிக்கணும்? எடுத்தாப்லயே போடு."

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆனது. எங்கள் படத்தைத் திருப்பியதும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. ஆனால் நடுவில் சித்தி வீட்டுப் படத்தையும் ஓரங்களில் எங்கள் படத்தையும் எடுத்து ஒட்டியபோது, அம்மாவைச் சுற்றிக் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரிந்தது. எடை சட்டென்று மாறினால் அப்படித்தான் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்றாள் மிஸ். ஒரு படத்தின் எடை ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு அறுபது புள்ளி தூரத்தில் மெல்ல இறங்க, மற்றதன் எடை அதே தூரத்தில் மெல்ல ஏற வேண்டும். அந்த வரிகளை எழுதுவதற்குள் நான் மூன்று முறை பையைத் தூக்கினேன். மூன்று முறையும் அவள், "உக்காருங்கக்கா, வந்துரும்" என்றாள். வகுப்பு முடிந்த பிறகும் எனக்காக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு நாசரேத் பஸ்ஸை விட்டிருக்கிறாள். அவள் அதைச் சொல்லவில்லை, பக்கத்துப் பையன் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். அதையும் வகுப்பு முழுவதற்கும் பகிர்ந்துவிட்டாள்.

கடைசியாக ஓட்டியபோது மூன்று பேரும் திரையில் நின்றார்கள். அவரவர் உடுப்பில், அவரவர் இடத்தில். பாவாடை கட்டிய அப்பாவைப் பார்த்துச் சிரித்த அதே பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

டவுனில் இரண்டு பிரதி அச்சடித்தேன். வீட்டில் மேஜைமேல் ஒன்றை வைத்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்கன ஒட்டுன?" என்று விரலால் தேடினார். அம்மாவின் தோள் பக்கம் தேடினார், காது பக்கம் தேடினார். கிடைக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து தேடினார். அம்மா அவருக்குப் பின்னால் நின்று தன் இருபது வயது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஆரம்பித்தாள். "பிய்க்கதுக்கு முந்தி ஒரு வார்த்த கூப்புடக் கூடாதா? தண்ணியில ஒட்டுனத தண்ணி வச்சுல்லா எடுக்கணும்? கிரேன்ல பெட்டிய இழுக்க மாதிரியா இழுப்பாக?" அரை மணி நேரம் நிறுத்தவில்லை. ஏழு மாதம் கழித்து வந்த திட்டு அது. அப்பா தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ரசம் சப்பென்று இருக்கிறது என்று சொன்னார். முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆணியை மட்டும் மறுநாள் புதிதாக அடித்தார்.

"ஏளா, இனியாவது வாட்ச எடது கையில கட்டு" என்றாள் அம்மா. ஒரு நாள் கட்டிப் பார்த்தேன். மணி பார்க்க ஒவ்வொரு தடவையும் வெறுங்கையைத் தூக்கிப் பார்த்து, மறுநாளே பழைய கைக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது பிரதியைச் சித்திக்குக் கூரியரில் அனுப்பலாம் என்றேன். "அதெல்லாம் மடங்கிப் போவும்" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். அப்பாவும் வந்தார்.

சித்தி கதவைத் திறந்தாள். இந்த முறையும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அம்மா நின்றாள். அம்மா துண்டைப் பிரித்துப் படத்தை நீட்டினாள்.

சித்தி வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாள். பூத்தட்டுக்கு மேலே, அவள் பெட்டியில் கரைந்துபோன பன்னிரண்டு வயது முகம்.

"என் மூஞ்சி எங்கன இருந்துது?"

"எங்க வீட்டுலதான்" என்றாள் அம்மா. "என் மூஞ்சி ஒம்பெட்டியில இருந்துருக்கு."

சித்தி படத்தை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். "எக்கா, அந்தப் பத்திரிகை... வேணும்னு போடலக்கா. அவுக தம்பி எழுதிக் குடுத்தாரு, நான் பாக்காம விட்டுட்டேன்."

"அத விடுளா" என்றாள் அம்மா. "எங்க மாமாவுக்காக என்னையே எடம் மாத்திப் போட்டாங்க. நாப்பத்தாறு வருசம் அதச் சுவத்துல மாட்டிக் குடும்பம் நடத்திட்டேன். நீ பேரத்தான மாத்திப் போட்ட?"

சித்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். காப்பித் தட்டோடு வந்தவள் எங்களையெல்லாம் தாண்டி நேரே அப்பாவிடம் போய், "மொதல்ல அத்தானுக்கு" என்று நீட்டினாள். அப்பா அதை வாங்கி அப்படியே அம்மா கையில் கொடுத்தார்.